ஆமோஸ் குற்றம் சாட்டியது சந்தையை

ஆசிரியருக்கு வணக்கம்.

எபிரேய வேதத்தின் தீர்க்கதரிசிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, அவர்களை வரப்போகும் அழிவை முன்கூட்டிச் சொன்னவர்களாக மட்டுமே காட்டியது. அவர்களில் ஒருவரான ஆமோஸுக்கு இது பெரிய அநியாயம். 'பூமியதிர்ச்சிக்கு இரண்டு வருஷத்துக்கு முன்' என்று அவர் பெயரிலுள்ள நூலின் தொடக்கத்தில் வருவது வெறும் காலக்குறிப்பு, முன்னறிவிப்பு அல்ல. அவர் முக்கியமாக எச்சரித்தது, இஸ்ரவேலர் தமஸ்குவுக்கு அப்பால் சிறைப்பட்டுப் போவதைப் பற்றி. அதன்படியே கி.மு. 722 அளவில் வட இஸ்ரவேலின் தலைநகரான சமாரியா அசீரியரிடம் வீழ்ந்தது.

ஏன் அந்தத் தண்டனை என்பதற்கு ஆமோஸ் நூலின் 8ஆம் அதிகாரத்தைப் படிக்க வேண்டும். அன்று அங்கே நாணயம் கிடையாது. வெள்ளியை நிறுத்துக் கொடுத்துத்தான் தானியம் வாங்க வேண்டும். வெள்ளியை நிறுக்கும் சேக்கல் எடைக்கல் ஏறத்தாழ 11 கிராம். வியாபாரி அதைவிடக் கனமான கல்லை வைத்தால், வாங்குபவர் கூடுதல் வெள்ளி வைத்தாக வேண்டும். தானியம் அளக்கும் எபா ஏறத்தாழ 22 லிட்டர். தமிழ் வேதாகமம் அதை மரக்கால் என்கிறது. அதைச் சிறிதாக்கினால் தானியம் குறையும். போதாததற்குப் பதரையும் சேர்த்து விற்றார்கள். ஒரே வியாபாரத்தில் மூன்று திருட்டு! இப்படிக் கடனில் விழுந்த எளியவனை ஒரு ஜோடு பாதரட்சைக்கு விற்றார்கள் என்கிறார் ஆமோஸ்.

இன்னொன்று. அடகு வாங்கிய மேலாடையைப் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது மோசேயின் சட்டம் அடங்கிய யாத்திராகமம் நூலின் 22ஆம் அதிகாரத்தில் உள்ள கட்டளை. ஏழைக்கு இரவில் போர்த்திக்கொள்ள அது ஒன்றுதான் உண்டு. ஆமோஸ் 2:8இல், அடகு வாங்கியவர்கள் அந்த ஆடைகளின் மேலேயே பலிபீடத்தருகில் படுத்துக்கிடக்கிறார்கள். கேட்டவர்களுக்கு எந்தச் சட்டம் மீறப்பட்டது என்று உடனே புரிந்திருக்கும்.

எச்சரிக்கையை வெறும் முன்னறிவிப்பாக எடுத்தால், மற்றொரு தீர்க்கதரிசியான மீகாவைப் பொய்யன் என்றே சொல்ல வேண்டிவரும். சீயோன், அதாவது எருசலேம், வயலைப்போல உழப்படும் என்றார் அவர்; யூதாவை ஆண்ட எசேக்கியா ராஜாவின் நாளில் அது நடக்கவில்லை. ஏறத்தாழ நூறு ஆண்டுக்குப் பின், எருசலேம் அழியும் என்று அதேபோல எச்சரித்த எரேமியா தீர்க்கதரிசிக்கு மரண தண்டனை கேட்டபோது, மூப்பர்கள் எழுந்து மீகாவின் அதே வாக்கை எடுத்துச் சொன்னார்கள் (எரேமியா 26). எசேக்கியா ராஜா பயந்து கர்த்தரை நோக்கி விண்ணப்பம்பண்ணினார், தீங்கு விலகியது என்பதே அவர்கள் வாதம். மீகாவின் வாக்கு பொய்த்ததாக அங்கே ஒருவரும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
வேதாகம வாசகர் ஒருவர்