உடற்குறையை உவமையாக்கும் தலைப்புகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொதுமக்களின் மனுக்களை அதிகாரிகள் கண்டுகொள்ளவில்லை என்ற செய்திக்குச் ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்று தலைப்பிடுவதும், ஏற்க முடியாத விளக்கத்தை ‘நொண்டிச் சாக்கு’ என்று எழுதுவதும் நம் நாளிதழ்களில் இன்றும் வழக்கமாகவே உள்ளன. எழுதுபவருக்கு யாரையும் இழிவுபடுத்தும் எண்ணம் இருப்பதில்லை என்பதை ஏற்கிறேன். ஆனால், வானொலியைக் கேட்க வழியில்லாத ஒருவர்தான் அச்சிட்ட தாளை மற்றவர்களைவிட ஊன்றிப் படிப்பவர். கடமை தவறிய ஓர் அலுவலகத்துக்குத் தன் காது உவமையாக்கப்படுவதை அவரும் அந்தத் தலைப்பில்தான் படிக்கிறார்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 92-ஆவது பிரிவு, பொதுவெளியில் ஒரு மாற்றுத்திறனாளியை இழிவுபடுத்தும் நோக்குடன் வேண்டுமென்றே அவமதிப்பவருக்கு ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்க வகைசெய்கிறது. குள்ளத்தன்மை, அமில வீச்சால் ஏற்பட்ட பாதிப்பு உள்ளிட்ட 21 வகைகள் அச்சட்டத்தின் பட்டியலில் உள்ளன. ஆயினும் சட்டம் நோக்கத்தைத்தான் எடைபோடுகிறது. அன்றாடப் பேச்சிலோ ‘சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்’, ‘அடையாளத்துக்காகச் சொன்னேன்’, ‘உரிமையோடு கூப்பிட்டேன்’ என்று தப்பிக்கும் வழிகள் எப்போதும் திறந்தே இருக்கின்றன. பருமன், நிறம், வழுக்கை ஆகியவற்றைச் சொல்லிக் கேலி செய்வது அந்தப் பிரிவுக்குள் வருவதுமில்லை.

ஒரே பெயரில் இருவர் இருந்தால், கைப்பேசியில் ஒருவரின் பெயருக்கு முன் ‘குண்டு’ என்றோ ‘கருப்பு’ என்றோ சேர்த்துப் பதிந்து வைக்கிறோம். அவரே எதிரில் நின்று, எண் சரிதானா என்று பார்க்க ஒருமுறை அழைக்கும்போது, தன் உடல் தன் பெயருக்கு முன்னால் திரையில் ஒளிர்வதை அவர் காண நேர்கிறது. இது அன்பினால் விளைந்த உரிமை என்பவர்களிடம் ஒன்று கேட்கலாம்: மேலதிகாரியின் எண்ணை ‘வழுக்கை’ என்று பதிந்து அவரிடமே காட்டும் உரிமை ஏன் யாருக்கும் வருவதில்லை? ஊரையோ வேலை செய்யும் பிரிவையோ சேர்த்து எழுதினாலும் ஆளை அடையாளம் காண முடியும்.

அறியாமையும் இதற்குத் துணைபோகிறது. வெண்புள்ளி என்பது தோலின் நிறமிகள் குறைவதால் ஏற்படுவது. அது தொட்டால் பரவாது, தொழுநோயுடன் அதற்குத் தொடர்பும் கிடையாது. தொழுநோயேகூட 6 முதல் 12 மாதக் கூட்டு மருந்துச் சிகிச்சையால் குணமாகக்கூடியது. இருந்தும் ‘வெண்குஷ்டம்’ என்ற சொல் நாவை விட்டு அகலவில்லை. அச்சொல்லால் எத்தனையோ திருமணப் பேச்சுகள் பாதியில் நின்றிருக்கின்றன.

பழமொழிகளை அகராதியிலிருந்து நீக்கவேண்டும் என்றோ, பழைய இலக்கியங்களைத் திருத்தவேண்டும் என்றோ நான் கோரவில்லை, அது வீண்வேலை. இன்று எழுதப்படும் தலைப்புகளிலும் செய்திகளிலும் உடற்குறையை வசைக்கு உவமையாக்குவதைத் தங்கள் நாளிதழ் கைவிடவேண்டும் என்பதே என் கோரிக்கை. ‘சிவந்த நிறமுள்ள மணமகள் தேவை’, ‘வெண்குஷ்டம் குணமாகும்’ என்பன போன்ற விளம்பர வரிகளுக்கும் இதே அளவுகோலைப் பின்பற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன். விளம்பரதாரர் எழுதிக் கொடுத்ததை அப்படியே வெளியிடுகிறோம் என்ற விளக்கம் இங்கே பொருந்தாது. வசைச் சொற்களையும் ஆபாச வரிகளையும் விளம்பரப் பிரிவு இன்றும் மறுத்துத்தான் வருகிறது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்