அந்தப் பாணிப் போத்தலுக்குப் பின்னால் நின்ற எல்லோருக்கும்

எனக்கு எச்ஐவி இருக்கிறது. அது பிள்ளைக்குத் தொற்றாமல் இருக்க, பிறந்த பிறகு அவளுக்குப் பாணி மருந்து கொடுத்தோம். மகளின் 18 மாதப் பரிசோதனை முடிவு போன கிழமை கைக்கு வந்தது. நெகட்டிவ். இதற்கு முன் எடுத்தவையும் அப்படித்தான் வந்திருந்தன, ஆனாலும் இதுதான் கடைசி, இனி எச்ஐவிக்காக இவளுக்கு ஊசி குத்தத் தேவையில்லை என்று டொக்டர் சொன்ன பிறகுதான் எனக்கும் இவருக்கும் மூச்சு வந்தது. என்ன நடந்தது, எப்படி நடந்தது என்று நான் திரும்ப எழுதப்போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். கொஞ்சம் ஆறிய பிறகு எழுதலாம் என்று வைத்தால் எழுதாமலே போய்விடும், அதனால் இப்போதே எழுதுகிறேன்.

பெயர் போடவில்லை. வெட்கத்தால் இல்லை, இது மகளுடைய கதையும்தான். வெளியில் சொல்வதா வேண்டாமா என்று அவள் வளர்ந்து முடிவெடுக்கட்டும்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த தாதி மிஸ், உங்கள் பெயரையும் அதனால்தான் போடவில்லை. யாழ்ப்பாணத்தில் உங்கள் பெயரைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுப் படலை வரைக்கும் வந்துவிடுவார்கள். ஆனால் இதை வாசித்தால் நீங்கள்தான் என்று உங்களுக்கு விளங்கும்.

பிள்ளையோடு வீட்டுக்குப் போகிற நாள். பாணி மருந்துப் போத்தலையும் ஊசியில்லாத ஒரு சின்னச் சிரிஞ்சையும் என் கையில் தந்து அளவைச் சொன்னீர்கள். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு கோடு, மயிர் போல மெல்லிய கோடு. நான் தலையாட்டினேன், ஆனால் கை நடுங்கியது. கூடினால் பிள்ளைக்கு என்ன ஆகும், குறைந்தால் என்ன ஆகும் என்பதைத் தவிர மண்டைக்குள் வேறொன்றும் ஓடவில்லை. நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. மேசை லாச்சியைத் திறந்து வெள்ளைப் பிளாஸ்டரில் நூல் மாதிரி ஒரு துண்டு வெட்டி, சிரிஞ்சைச் சுற்றி அந்தக் கோட்டில் ஒட்டி, நகத்தால் அழுத்தி, தண்ணீரை இழுத்துக் காட்டினீர்கள். "கறுப்பு றப்பர் இந்தப் பிளாஸ்டர் விளிம்பில வந்து நிக்க வேணும், அவ்வளவுதான் பிள்ளை. நித்திரைக் கண்ணோடையும் பிழைக்காது." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வீட்டில ஆர் ஆர் இருக்கினம்?" என்று கேட்டீர்கள். மாமியும் மச்சாளும் என்றேன். போத்தலைப் பைப்பில் நனைத்து லேபலைச் சுரண்டி எடுத்தீர்கள். மருந்தின் பெயரையும் காலாவதித் திகதியையும் ஒரு துண்டில் எழுதி என் பேர்சுக்குள் வைக்கச் சொன்னீர்கள், போத்தலில் காலை 6, இரவு 6 என்று மட்டும் எழுதி ஒட்டினீர்கள். "ஆரும் கேட்டால் ஆஸ்பத்திரியில தந்த பாணி எண்டு சொன்னாக் காணும். வேறொண்டும் சொல்லத் தேவையில்லை."

அந்தப் போத்தல் எங்கள் வீட்டு அலுமாரித் தட்டில் எல்லோர் கண்ணிலும் படத்தான் இருந்தது. ஒரு நாள் நான் குளித்துக்கொண்டிருக்க, மருந்து நேரமாகிவிட்டதென்று மாமியே அளந்து பேத்திக்குக் கொடுத்திருக்கிறார். பதறிப்போய் ஓடி வந்தேன். பிளாஸ்டர் விளிம்பு வரைக்கும் சரியாகத்தான் எடுத்தேன் என்று சிரிஞ்சைத் தூக்கிக் காட்டினார். மாமி கண்ணாடி போட்டும் பேப்பர் வாசிக்கக் கஷ்டப்படுகிறவர். மிஸ், அன்றைக்கு உங்களை நினைத்து அழுதேன்.

இரவில் பிள்ளைக்குப் பால் கரைத்துக் கொடுத்துவிட்டு நித்திரை வராமல் போனில் தேடித் தேடி வாசிப்பேன். இந்தப் பாணி எப்படி என் வீட்டுத் தட்டுக்கு வந்தது என்று அறிய ஆசை. அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 1994இல் வெளிவந்திருக்கிறது. எச்ஐவி உள்ள கர்ப்பிணிகளுக்கும் பிறந்த பிள்ளைக்கும் ஏஇசட்டி என்கிற ஸிடோவுடின் மருந்தைக் கொடுத்தபோது, நூற்றுக்கு 25 அளவில் இருந்த தொற்று 8 அளவுக்கு இறங்கியது. தாங்கள் விழுங்குவது மருந்தா வெறும் மாத்திரையா என்று தெரியாமலே விழுங்கிய தாய்மார் அவர்கள். வெறும் மாத்திரை கிடைத்தவர்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. அவர்களுக்கு எந்த மொழியில் நன்றி சொல்வது?

மருந்து இருந்தும் ஏழை நாடுகளுக்கு வரவில்லை. எச்ஐவிக்கான மூன்று மருந்துச் சேர்க்கை அப்போது ஓர் ஆளுக்கு வருடத்துக்கு 10,000 டொலருக்கு மேல் விலை. 2000இல் தென்னாபிரிக்காவின் டேர்பனில் நடந்த சர்வதேச எயிட்ஸ் மாநாட்டில் எச்ஐவியோடு பிறந்த 11 வயதுப் பையன் ந்கோசி ஜோன்சன் மேடையேறி, கர்ப்பிணித் தாய்மாருக்கு ஏஇசட்டி கொடுங்கள் என்று தன் நாட்டு அரசைக் கேட்டான். அடுத்த வருடமே அவன் இல்லை. அதே 2001இல்தான் இந்தியாவின் சிப்லா மருந்து நிறுவனத்து யூசுப் ஹமீத் அந்த மூன்று மருந்துச் சேர்க்கையை வருடத்துக்கு 350 டொலருக்குத் தருவதாகச் சொன்னார், ஐ.நா. பொதுச் சபை எச்ஐவிக்கென்றே சிறப்பு அமர்வு கூட்டியது, அப்போதைய ஐ.நா. பொதுச் செயலாளர் கோபி அனான் கேட்டுக்கொண்டபடி, எயிட்ஸ், காசநோய், மலேரியாவுக்கு எதிராகக் காசு திரட்டிக் கொடுக்கும் உலகளாவிய நிதியம் 2002இல் தொடங்கியது. தென்னாபிரிக்காவில் நோயோடு வாழ்ந்தவர்களே வழக்குப் போட்டு, தாய்மாருக்கு மருந்து கொடுக்கும்படி அதே வருடம் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கினார்கள். இவர்களில் யாருக்கும் யாழ்ப்பாணம் எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்கத் தேவையில்லை. ஆனால் 2019 டிசம்பரில், தாயிலிருந்து பிள்ளைக்கு எச்ஐவி பரவுவதை ஒழித்த நாடென்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழ் கொடுத்தபோது, அதில் அவர்கள் எல்லோருக்கும் பங்கிருந்தது. கர்ப்பிணி கிளினிக்கில் எல்லோருக்கும் எடுக்கிற அந்த இரத்தப் பரிசோதனை இல்லாவிட்டால் எனக்கு இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

கிளினிக் டொக்டர், ஆய்வுகூடத்தில் முகம் தெரியாமல் வேலை செய்தவர்கள், மழையோ வெயிலோ ஸ்கூட்டியில் வந்து பிள்ளையை நிறுத்துப் பார்த்த எங்கள் மிட்வைஃப் அக்கா, கொழும்பிலிருந்து தொலைபேசியில் மணிக்கணக்காகக் கதைத்த, எங்களைப் போலவே வாழ்கிற அந்த அண்ணா, கேள்வியே கேட்காமல் பால்மாவுக்குக் காசு தந்த இவருடைய கூட்டாளி, உங்கள் எல்லோருக்கும் சேர்த்து நன்றி. சில இடங்களில் வேறு மாதிரியும் நடத்தினார்கள். அதை எழுதி இந்த மடலைக் கெடுக்க விருப்பமில்லை.

2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்த செய்தியைப் பார்த்த இரவு எனக்கு நித்திரையே இல்லை. எங்கள் மருந்து நிற்கவில்லை. ஆனால் ஆபிரிக்காவில் எத்தனையோ கிளினிக்குகள் பூட்டிக் கிடந்தன. அங்கேயும் ஒரு தாய் பாணிப் போத்தலுக்காக வரிசையில் நின்றிருப்பாள், அவளுடைய பிள்ளையும் என் மகளும் எனக்கு ஒன்றுதான். காசு கொடுக்கிற நாடுகளே, கையை எடுத்துவிடாதீர்கள். பாதியில் விட்டால் செத்துப்போவது பிள்ளைகள்.

என்னால் முடிந்தது சின்னது. கிளினிக் டொக்டரிடம் என் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். இனி யாராவது ஒரு கர்ப்பிணிக்கு முதன்முதலாக இந்த முடிவு வந்தால், அவள் விரும்பினால், எந்த நேரமென்றாலும் எனக்கு எடுக்கச் சொல்லுங்கள் என்றேன். போனை நான் இப்போது இரவில் அணைப்பதில்லை.