மரத்தை வெட்டுவதற்கு முன் ஒரு அறிக்கை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாலை இடிமழை தொடங்கிவிட்டால் போதும், எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எங்காவது மரம் சாய்ந்த படம் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். கார் நசுங்கியிருக்கும், மின்கம்பி தொங்கும். மறுநாளே ஏதாவது ஒரு கோயில் கமிட்டியிலோ பள்ளி மேலாளர் வாரியத்திலோ "நம்ம மரத்தையும் வெட்டிடலாமா?" என்று பேச்சு கிளம்பும். பத்து நாள் வெயில் அடித்தால் பேச்சு அடங்கிவிடும். பயந்துபோய் வெட்டுவதும் பிறகு மறந்துவிடுவதும்தான் வழக்கமாக இருக்கிறது. தகுதியுள்ள ஒருவரைக் கொண்டு மரத்தைப் பரிசோதித்து, எழுத்தில் அறிக்கை வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை. தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இதைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல அனுமதியுங்கள்.

பால்மரம் எனும் ரப்பர் மரத்துக்கு ஆயுள் கணக்கு உண்டு. 25, 30 ஆண்டு ஆனால் மறுநடவு. செம்பனையும் ஏறக்குறைய அப்படித்தான். தோட்டத்தில் உண்மையிலேயே முதிர்ந்த மரங்கள் என்றால் அலுவலகத்துக்கு முன்னாலும், பழைய மருத்துவமனை ஓரத்திலும், கோயில் திடலிலும், பள்ளி வாசலிலும் நிழலுக்காக வைத்த தூங்குமூஞ்சி, அங்சானா மரங்கள்தான். அந்தக் காலத்தில் காய்ந்த கிளையைக் கழிக்க ஆள் போவார்கள், அதற்குச் செலவுக் கணக்கும் எழுதுவோம். பிறகு தோட்டம் கைமாறியது, நிலம் துண்டு துண்டானது, தொழிலாளர் லயங்கள் இடிந்தன, தாமான் என்கிற குடியிருப்பு எழுந்தது. மரம் மட்டும் அங்கேயே நிற்கிறது. நிலம் ஏதோ ஒரு கம்பெனி பேரில், திருவிழா கமிட்டி பேரில். மரம் யார் பொறுப்பு என்று கேட்டால் எல்லாரும் அடுத்தவரைக் காட்டுகிறார்கள்.

2024 மே 7 அன்று கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் ஒரு பெரிய மரம் விழுந்து ஒருவர் உயிரிழந்தார். 17 வாகனங்கள் சேதமடைந்தன, மோனோரயில் சேவையும் தடைப்பட்டது. தலைநகரில் நடந்ததால் நாடே பேசியது. எங்களைப் போன்ற சிற்றூர்களில் பள்ளி விட்டதும் பிள்ளைகள் வேனுக்காகக் காத்து நிற்பது இதே போன்ற பெரிய மரங்களின் அடியில்தான்.

அதற்காக எல்லா மரத்துக்கும் அறிக்கை கேட்க வேண்டாம். வீட்டுப் பின்புறத்துப் பப்பாளிக்கும் வேலியோரக் கொய்யாவுக்கும் நிபுணரைக் கூப்பிடுவது காசைக் கரைக்கிற வேலை. ஆள் நடமாட்டமே இல்லாத மூலையில் நிற்கும் மரம் விழுந்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அபாயம் என்றால் முறியக்கூடிய மரமும் வேண்டும், அதன் அடியில் ஆளோ கூரையோ வண்டியோ இருக்கவும் வேண்டும். இரண்டும் சேரும் இடத்தில்தான் அறிக்கைக்கு வேலை.

அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான் வந்தால் காத்திருக்கக் கூடாது. இதைத் தோட்டத்துக்காரர்களுக்கு நான் விளக்கவே வேண்டியதில்லை. செம்பனையின் தூரை கானோடெர்மா என்ற பூஞ்சை தின்பதைப் பார்த்தவர்கள் நாம். பால்மரத்தின் தூரைக் கிளறி, வேரில் வெள்ளை நூல் போலப் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று தேடியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தக் கண் நிழல் மரத்தின் பக்கம் மட்டும் ஏனோ திரும்புவதில்லை. மேலே இலை பச்சைப்பசேல் என்று இருக்கும்போதே கீழே வேர் மக்கியிருக்கலாம். முன்பு நேராக நின்ற மரம் புதிதாகச் சாய்வது, சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்து மேலெழும்புவது, இரு பெருங்கிளை பிரியும் கவட்டில் விரிசல், உச்சிக் கிளைகள் காய்ந்துகொண்டே வருவது, இவற்றைக் கண்டாலும் காத்திருக்கக் கூடாது.

இன்னொரு சமயம் இருக்கிறது. என் கணக்கில் அதுதான் அதிகம் கவனிக்கப்படாதது: கட்டட வேலைக்கு முன்னால். ஒரு மரத்தின் பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணில் இரண்டடி ஆழத்துக்குள்ளேயே பரவி நிற்கும். திருப்பணி என்று திடல் முழுக்க சிமெண்ட் போடுகிறோம், மரத்தை ஒட்டிக் கால்வாய் தோண்டுகிறோம், மண் கொட்டி அடிமரத்தை மூடி மேடை கட்டுகிறோம், லோரியை ஏற்றி இறக்கி மண்ணை இறுக்கிவிடுகிறோம். அறுந்த வேர் உடனே பழிவாங்காது. கும்பாபிஷேகம் முடிந்து, கமிட்டி மாறி, சில ஆண்டு கழித்து ஒரு விடியற்காலை, சுமத்ரா பக்கமிருந்து அடிக்கும் புயல் காற்றில் மரம் வேரோடு சாயும். அப்போது எல்லாரும் காற்றைத் திட்டுவார்கள். அடிமரத்தின் குறுக்களவைப் போல் 12 மடங்கு தூரம் வரை வேருக்கு விட வேண்டும் என்பது மர நிபுணர்கள் பின்பற்றும் கணக்கு. 60 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள மரத்துக்கு அது சுற்றிலும் 7 மீட்டருக்கு மேல் வரும். வரைபடம் போடும் முன்பே அறிக்கை கையில் இருந்தால் கால்வாயைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம். தோண்டிய பிறகு நிபுணரைக் கூப்பிட்டால் அவர் சேதத்தைத்தான் எழுதித் தருவார்.

வெட்டுவது என்றே முடிவானாலும் சட்டம் குறுக்கே வரும். தீபகற்ப மலேசியாவில் 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் உள்ள மரத்தை ஊராட்சி மன்றத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். 80 சென்டிமீட்டர் என்பது ஒல்லியான ஆளின் இடுப்பளவுதான், ஆகவே நிழல் தரும் மரம் அநேகமாக எல்லாமே இதில் அடங்கும். சொந்த வீட்டு நிலத்தில் நின்றாலும் சரி. (கூட்டரசுத் தலைநகருக்குத் தனிச் சட்டம்.) செத்த மரம், செத்துக்கொண்டிருக்கும் மரம், உடனடி ஆபத்தைத் தடுக்க வெட்டும் மரம் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால் செத்துவிட்டது, ஆபத்து என்று யார் சொன்னது என நாளை ஒரு அதிகாரி கேட்டால், வெட்டி விறகாக்கிய மரத்தைக் காட்ட முடியாது. தேதியும் படமும் உள்ள அறிக்கையைக் காட்டலாம்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். நம் ஊரில் மரத்தின் ஆரோக்கியத்தை முடிவு செய்பவர் மரம் வெட்டும் குத்தகைக்காரர். வந்து அண்ணாந்து பார்ப்பார், கத்தியின் பின்புறத்தால் இரண்டு தட்டு தட்டுவார், "உள்ள காலி தலைவரே, எப்ப வேணாலும் விழும்" என்பார், விலையும் சொல்வார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவர் பிழைப்பு அது. ஆனால் வெட்டினால்தான் கூலி என்று இருப்பவரிடம் வெட்டலாமா என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்? எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் அப்படி "காலி" என்று வெட்டிய மரத்தின் அடித்துண்டு நடுவரை இரும்பு மாதிரி இருந்தது. நிழல் போனதுதான் மிச்சம்.

உள்ளே பொந்து இருந்தாலே மரம் விழுந்துவிடும் என்பதும் சரியல்ல. சுற்றியுள்ள நல்ல மரச்சுவரின் தடிமன், ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருந்தால் பெரும்பாலும் தாங்கும் என்பது நிபுணர்களின் பழைய கணக்கு. தைப்பிங் ஏரிப் பூங்காவில் 1880களில் நட்ட தூங்குமூஞ்சி மரங்கள் இன்றும் தண்ணீர்மேல் கை நீட்டி நிற்கின்றன. வயதை மட்டும் பார்த்து வெட்டுவதாக இருந்தால் அவற்றைத்தான் முதலில் வெட்ட வேண்டும்.

ஆகவே பார்ப்பவர் ஒருவர், வெட்டுபவர் வேறொருவர் என்று இருக்கட்டும். பார்ப்பவரிடம் ஐ.எஸ்.ஏ. எனப்படும் அனைத்துலக மரப் பராமரிப்புச் சங்கத்தின் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். மர அபாய மதிப்பீட்டுக்கென டிராக் (TRAQ) என்ற தனித் தகுதி உண்டு, அதை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தேதியைப் பார்க்கத் தயங்க வேண்டாம். பெர்சத்துவான் ஆர்போரிஸ் மலேசியா என்ற சங்கம் நம் நாட்டிலேயே இருக்கிறது, அங்கும் விசாரிக்கலாம். பெரும்பாலான மரங்களுக்கு நிபுணர் சுற்றிவந்து தட்டிப் பார்த்து எழுதும் அடிப்படைச் சோதனையே போதும். சந்தேகம் மிஞ்சினால்தான் ஒலி அலையால் உட்புறத்தைப் படமெடுக்கும் கருவியும், மெல்லிய ஊசியால் துளைத்துப் பார்க்கும் கருவியும் தேவைப்படும். முதல் நாளே இயந்திரத்தோடு வந்து இறங்குகிறவரிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

நல்ல அறிக்கையில் மரத்தின் இனம், அளவு, குறைபாடுகள், அடியில் யார் எந்த நேரத்தில் இருக்கிறார்கள், அபாயம் எந்த நிலை, எத்தனை காலத்துக்கு இந்த மதிப்பீடு செல்லும் என்பதெல்லாம் இருக்கும். "வெட்டுக" என்ற ஒரு வரியோடு முடிந்தால் அது அறிக்கையல்ல. காய்ந்த கிளையை மட்டும் கழிக்கலாம், கிளையைக் கம்பிவடத்தால் கட்டலாம், வேன் நிற்கும் இடத்தை மாற்றலாம், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம். சமரசம் என்று நினைத்து உச்சியை மொட்டையடிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அதற்குப் பிறகு குச்சி குச்சியாகத் துளிர்க்கும் கிளைகளுக்கு மரத்தில் பிடிப்பு குறைவு, சில ஆண்டில் அவையே கனத்து முறியும்.

செலவு யாருடையது என்ற கேள்வியில்தான் எல்லாம் நின்றுவிடுகிறது. நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, அவற்றில் பல இன்னும் தனியார் தோட்ட நிலத்தில் இயங்குகின்றன. மரம் நிற்கும் நிலம் கம்பெனியுடையது என்றால் செலவைக் கம்பெனியிடம் கேட்பது நியாயம்தான். ஆனால் கேட்டுக் காத்திருந்தே ஆண்டுகள் ஓடிவிடக் கூடாது. பள்ளியும் கோயிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் சேர்ந்து முதலில் ஒரு அறிக்கை வாங்கி, அதன் நகலைப் பதிவுத் தபாலில் நில உரிமையாளருக்கும் ஊராட்சி மன்றத்துக்கும் அனுப்பலாம். ஆபத்து என்று எழுத்தில் கையில் கிடைத்த பிறகு "எங்களுக்குத் தெரியாது" என்று அவர்களால் சொல்ல முடியாது. அண்டை வீட்டு மரம் நம் கூரைமேல் சாய்ந்திருக்கும் தகராறுக்கும் இதே வழிதான்.

அசல் அறிக்கையைத் தயவுசெய்து பள்ளி அலுவலகத்திலோ கோயில் அலுவலகத்திலோ கோப்பில் வையுங்கள். தலைவர் வீட்டு அலமாரியில் வைத்தால், அடுத்த தேர்தலில் அவர் தோற்றதும் அறிக்கையும் காணாமல் போய்விடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்