கீழ் போர்ஷன் விஷயம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. போனில் நீ முந்திக்கொண்டு பேசிவிடுகிறாய், நான் சொல்ல வந்தது மறந்துபோகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளை வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிளானை அப்பா கடையில் பிரிண்ட் எடுத்துவந்து சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்திருக்கிறார். மாப்பிள்ளை நன்றாகவே போட்டிருக்கிறார். கார் பார்க்கிங்கைச் சுற்றிச் சுவர் எழுப்பி ஒரு ஹால், ஒரு பெட்ரூம், மூலையில் கிச்சன். காரை விற்று மூன்று வருஷமாகிறது, இடம் சும்மாதான் கிடக்கிறது, மாதம் பன்னிரண்டாயிரம் வாடகை வந்தால் மருந்துச் செலவுக்காவது ஆகுமே என்று மாப்பிள்ளை சொல்வதில் தப்பில்லை. மேஸ்திரியைக் கேட்டோம். ஆறரை லட்சம் என்றார். அவர் ஆறரை என்றால் எட்டில்தான் முடியும், மாடி கட்டும்போதே பார்த்தோமே.

பணத்தை விடு. ஈபி மீட்டர் இருக்கிற தூணில், வெள்ளம் ஏறி நின்ற உயரத்தில் அப்பா பென்சிலால் கோடு போட்டு 2.12.2015 என்று எழுதினாரே, ஞாபகம் இருக்கிறதா? என் நெஞ்சு உயரம். அதற்கப்புறம் இரண்டு தடவை பெயிண்ட் அடித்தும் அந்த இடத்தை மட்டும் தொடவிடவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு வந்த தண்ணீர் அந்தக் கோட்டுக்கு நான்கு விரற்கடை கீழே வந்து நின்றது. வேளச்சேரித் தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போக வேண்டும். அங்கே பெரும்பகுதியை மேடாக்கிக் கட்டடம் கட்டிவிட்டார்கள். அந்தத் தண்ணீர் நம் வீட்டுக்குக் கீழேதான் வந்து நிற்கும்.

கீழே ஆளைக் குடிவைத்தால், ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் ஏறும்போது அவர்கள் நம் வீட்டுக்குத்தான் ஏறி வருவார்கள். வரட்டும், சாதம் வடிக்கிறேன். அவர்களுடைய கட்டிலும் ஃப்ரிட்ஜும் எங்கே ஏறும்?

இன்னொன்று. மாப்பிள்ளை பெட்ரூமில் கட்டில் வரைந்திருக்கும் இடத்தில்தான் சம்ப், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி இருக்கிறது. மெட்ரோ வாட்டர் லாரி வந்தால் ஓஸை யாருடைய கட்டிலுக்கு அடியில் விடுவது? அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். மாப்பிள்ளையிடம் சொல்லிவிடாதே.

வீடு கட்டும்போது பிளானில் பார்க்கிங் என்று காட்டி அனுமதி வாங்கிய இடம் அது. அடைத்தால் மாநகராட்சி நோட்டீஸ் கொடுக்கும், சீல் வைக்கவும் அதிகாரம் உண்டு. தனி மீட்டர் கேட்டாலும் கேள்வி வரும். நம் மீட்டரிலிருந்தே சப்மீட்டர் வைத்தால், அரசு தரும் இலவச யூனிட் யாருக்கு என்பதிலேயே சண்டை ஆரம்பிக்கும்.

டொரண்டோவில் முதல் வருஷம் நீ பேஸ்மெண்டில் குடியிருந்தாய். கூரையை ஒட்டி ஒரு ஜன்னல், அதில் பனியும் யாருடைய பூட்ஸோ இரண்டும் தெரிந்தன, வீடியோவில் காட்டினாய். மூன்று நாளாக வெயிலைப் பார்க்கவில்லை அம்மா என்று அழுதாய். பிளானைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஜன்னல்தான் கண்ணில் நிற்கிறது.

சரி, வேண்டாம் என்று மட்டும் சொன்னால் எப்படி? நான் யோசித்தது இது. கீழே தொட வேண்டாம். இரண்டாவது மாடியை, அதாவது உன் போர்ஷனை விடலாம். நீ இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மூன்று வாரம் வருகிறாய், அப்போது எங்களோடு இருந்துகொள்ளலாம். கட்டட வேலை எதுவும் இல்லை, பாத்ரூம் குழாய் மாற்றினால் போதும். வாடகை பதினெட்டாயிரம் வரை போகும் என்கிறார்கள். 2019இல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் தவிர, அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. அப்பா இன்னும் பத்து மாத அட்வான்ஸ் காலத்திலேயே இருக்கிறார், அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இதை அவரிடம் சொன்னபோது பதிலே பேசவில்லை. மேலே போய், காற்றில் அடித்துக்கொண்டிருந்த உன் ஜன்னலுக்குக் கொக்கி மாட்டிவிட்டு வந்தார். சம்மதமா இல்லையா என்று எனக்கே புரியவில்லை. நீ சொன்னால் கேட்பார்.

மாப்பிள்ளையிடம் பக்குவமாகப் பேசு, பிளான் போட்ட மனுஷர் வருத்தப்படக் கூடாது. அப்புறம், உன் பச்சை பீரோ சாவி அங்கே உன்னிடம் இருக்கிறதா? இல்லையென்றால் ஆளைக் கூப்பிட்டுப் பூட்டைத் திறக்கச் சொல்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று முன்னாலேயே சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா