கிரம்பெட்டும் கடிகாரக் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு மலரின் சமையல் பக்கத்தில் வந்த, மேலெல்லாம் துளை விழும் ஆங்கிலேய வட்ட அப்பமான கிரம்பெட்டின் செய்முறையை அப்படியே பின்பற்றி இரண்டு முறை செய்து, இரண்டு முறையும் துளையே இல்லாத, ரப்பர் போன்ற வட்டங்களைத் தட்டில் வைத்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அளவுகளில் குறையில்லை, மாவு பொங்கும் நேரத்தைச் சொன்ன விதத்திலும், ஆப்பச் சோடாவைச் சேர்க்கச் சொன்ன கட்டத்திலும்தான் பிழை.

மாவைக் கலக்கி இரண்டு மணி நேரம் மூடி வைக்கச் சொல்கிறது குறிப்பு. அது குளிர் நாட்டுக் கணக்கு. தக்கலையின் சித்திரைப் புழுக்கத்தில் ஈஸ்ட் சேர்த்த மைதா மாவு முக்கால் மணி நேரத்திலேயே நுரைத்துப் பொங்கிவிடுகிறது. அதற்கு மேலும் விட்டுவைத்தால் நடுவில் அமுங்கி, புளிப்பு வாடையேறி, கல்லில் ஊற்றும்போது எழும்பத் திராணியற்றுப் போகிறது. நம் வீடுகளில் ஆப்ப மாவு பதமாகிவிட்டதா என்று யாரும் மணி பார்ப்பதில்லை. மேலே குமிழ் கட்டி வெடிப்பதைப் பார்த்தே சட்டியை அடுப்பில் ஏற்றுகிறோம். அந்தப் பழக்கமே இதற்கும் போதும்.

சோடாவை மைதாவோடு முதலிலேயே போடச் சொன்னதுதான் பெரிய பிழை. ஈரமும் மாவின் புளிப்பும் பட்டவுடன் அது வாயுவை வெளிவிடத் தொடங்கிவிடுவதால், அடுப்புக்குப் போகும் நேரத்தில் அதன் வேகம் அடங்கியிருக்கும். மூன்றாம் முறை, 225 கிராம் மைதாவுக்குச் சுமார் 300 மி.லி. பாலும் நீருமாகச் சேர்த்துக் கை வலிக்க அடித்து, மாவு பொங்கிய பின், அரைத் தேக்கரண்டி சோடாவைச் சிறிது வெந்நீரில் கரைத்துக் கலந்து உடனே சுட்டேன். துளைகள் வந்தன.

கிரம்பெட் மாவைக் கல்லில் வைத்த உலோக வளையத்துக்குள் ஊற்றிச் சுடுவார்கள். முதலில் வளையமில்லாமல் ஒரு கரண்டி ஊற்றிப் பார்ப்பது நல்லது: குமிழ் திறக்காவிட்டால் மாவு கெட்டி, இன்னும் கொஞ்சம் நீர் வேண்டும், பிறகு வளையம் வைத்து ஊற்றும்போது அதன் அடியில் ஒழுகினால் நீர் கூடிவிட்டது. தீ சிறியதாகவே இருக்க வேண்டும், ஏனெனில் அடிப்பக்கம் மெல்ல வேகும்போது கீழிருந்து மேலே ஏறும் குமிழ்கள்தான் துளைகளாக நிற்கின்றன. மேல்பக்கம் ஈரம் வற்ற எட்டு முதல் பத்து நிமிடம் ஆகும். அதற்குமுன் புரட்டினால் அத்தனையும் அடைந்துபோகும். குறிப்பிலோ "இருபுறமும் பொன்னிறமாக" என்று தோசைக்குச் சொல்வதுபோல் எழுதியிருந்தது.

இந்தப் பண்டம் நமக்கு அத்தனை அந்நியமானதும் அன்று. 1769-இல் அச்சான ஓர் ஆங்கிலச் சமையல் நூலில் கிரம்பெட் மாவைப் பொங்க வைக்கச் சொல்லியிருப்பது பீர் நுரையைக் கொண்டு. எங்கள் பாட்டி ஆப்பத்துக்குக் கள் ஊற்றியதும் அதே வேலைக்குத்தான். 1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை இருப்பதால் இங்கே அந்த ஆப்பம் பேச்சில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் கதை வேறு. ஈஸ்ட் பொட்டலம் அந்த மணத்தைத் தராது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சுட்ட கிரம்பெட்டை ஆறவிட்டு, மீண்டும் வாட்டி, வெண்ணெய் தடவினால் அது துளைகளில் இறங்குகிறது. நான் அதன்மேல் மார்த்தாண்டம் தேனையும் விட்டேன்.

வெளிநாட்டுச் செய்முறைகளை வெளியிடும்போது, மணிக்கணக்கோடு மாவின் அடையாளத்தையும் ஒரு வரி சேர்த்து எழுதுமாறும், சோடா பற்றிய திருத்தத்தை அடுத்த ஞாயிறு மலரிலேயே வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன். என்னைப்போல் மைதாவை வீணாக்கியவர்கள் இன்னும் சிலர் இருக்கக்கூடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.