பருத்தி எடுக்க 'டேக்' உதவாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் ஆங்கில வினைச்சொல் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒற்றைத் தமிழ்ச்சொல் போட்டுப் பட்டியல் வருகிறது. 'டேக் – எடு' என்று ஒரு வரி. பிள்ளைகள் அதை அப்படியே நோட்டில் ஏற்றி மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரியால் விடைத்தாளில் வரும் பிழைகள் கொஞ்சநஞ்சமல்ல.

நம் 'எடு' லேசுப்பட்ட சொல் அல்ல. திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் பருத்தி எடுக்கிறோம். தீபாவளிக்கு மதுரை விளக்குத்தூண் கடைவீதிக்குப் போய்த் துணி எடுக்கிறோம். ஊர்ப் பொங்கலுக்கு முளைப்பாரி எடுக்கிறோம், நேர்ந்துகொண்டவர்கள் தீச்சட்டி எடுக்கிறார்கள். பசி எடுக்கிறது, பிள்ளை தொண்ணூறு மார்க் எடுக்கிறது. இவற்றில் ஒன்றுக்குக்கூட 'டேக்' பொருந்தாது. பருத்திக்கு 'பிக்', துணிக்கு 'பை', முளைப்பாரிக்கும் தீச்சட்டிக்கும் 'கேரி', மார்க்குக்கு 'கெட்' அல்லது 'ஸ்கோர்'. பசிக்கு 'ஐ ஃபீல் ஹங்க்ரி' என்றுதான் வரும். சேலை எடுத்ததை 'ஐ டுக் எ சாரி' என்று எழுதினால் காசு கொடுத்து வாங்கியதாக அர்த்தம் ஆகாது, கையோடு எடுத்துக்கொண்டு போனதாகத்தான் ஆகும்.

'டேக்' வரவேண்டிய இடத்திலோ தமிழில் வேறு வினை நிற்கும். மாத்திரையைச் சாப்பிடுகிறோம், ஆகவே பிள்ளை 'ஈட்' என்று எழுதுகிறது. திண்டுக்கல் போக ஒன்றரை மணி நேரம் ஆகும் என்பதில் 'ஆகும்' இருப்பதால் 'பிகம்' வந்துவிடுகிறது. இரண்டுக்கும் 'டேக்'தான். குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவதும் 'டேக்', வேன் பன்னிரண்டு பேர் கொள்ளும் என்பதும் 'டேக்'. 'தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்' என்பது போன்ற சில இடங்களில் மட்டும் இரு மொழியும் அழகாக ஒத்துப்போகின்றன. போட்டோ எடுப்பதிலும் அப்படியே.

'பாடம் எடுக்கிறார்' என்பதைத் தனியாகச் சொல்லவேண்டும். பிரிட்டிஷ் வழக்கில் ஆசிரியர் வகுப்பை 'டேக்' செய்தால் நடத்துகிறார் என்று பொருள் கொள்ளலாம். அமெரிக்க வழக்கில் வகுப்பை 'டேக்' செய்பவர் மாணவர். அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் எழுதும் ஆசிரியர் 'டீச்' என்று எழுதிவிட்டால் குழப்பமே இல்லை.

பிழைக்கு வேர் சொல் வரிசையில் இருக்கிறது. தமிழில் செயப்படுபொருளான பெயர்ச்சொல் முன்னால் வந்துவிடும், வினை கடைசியில் வரும். ஆங்கிலத்தில் அந்தப் பெயரைச் சொல்லும் முன்பே வினையைத் தேர்ந்தாக வேண்டும். அந்த அவசரத்தில் பிள்ளை மனப்பாடம் செய்த முதல் சொல்லைப் போட்டுவிடுகிறது. ஆகவே முதலில் பெயரை எழுதச் சொல்லுங்கள்: மெடிசின், பாத் (குளியல்), டிசிஷன். பிறகு அகராதியில் அந்தப் பெயரின் கீழே தேடட்டும். மாணவர்களுக்கென்று வரும் நல்ல ஆங்கில அகராதிகள், ஒரு பெயரோடு எந்த வினை சேரும் என்பதை அங்கேயே எடுத்துக்காட்டோடு தருகின்றன. 'டேக்' என்ற தலைப்பில் தேடினால் பத்திக் கணக்கில் ஓடும் விளக்கத்தில் பிள்ளை மிரண்டுவிடும்.

ஒட்டுச்சொல் சேர்ந்தால் பொருளே மாறும். 'டேக் ஆஃப்' செருப்பைக் கழற்றுவது, விமானம் கிளம்புவதும் அதுவே. 'டேக் இன்' என்றால் ஏமாற்றுவது. தையல்காரரிடம் சொன்னால் தொளதொள ரவிக்கையைப் பிடித்துத் தைப்பது. 'டேக் ஆஃப்டர்' தாய் தகப்பன் ஜாடையில் இருப்பது. இங்கே பொருளை விட இடம்தான் அதிகம் தவறுகிறது. 'டேக் ஆஃப் யுவர் ஷூஸ்', 'டேக் யுவர் ஷூஸ் ஆஃப்' இரண்டும் சரி. 'தெம்' என்று சுட்டுப்பெயர் வந்துவிட்டால் நடுவில்தான் நிற்கவேண்டும்: 'டேக் தெம் ஆஃப்'. 'டேக் ஆஃப்டர்' பிரியவே பிரியாது. 'ஹி டேக்ஸ் ஆஃப்டர் ஹிம்' மட்டுமே சரி. 'டேக் ப்ளேஸ்' செயப்பாட்டு வினை ஆகாது. 'தி மீட்டிங் வாஸ் டேக்கன் ப்ளேஸ்' என்று அறிக்கைகளில் அடிக்கடி அச்சாகிறது. 'டுக் ப்ளேஸ்' என்றால் போதும்.

இந்தச் சொல் ஆங்கிலத்துக்கே வந்தேறிதான். வட ஐரோப்பாவிலிருந்து கடல்வழி வந்த வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியின் 'டாகா' இங்கிலாந்தில் குடியேறி, அங்கே இருந்த 'நிமன்' என்ற வினையை வழக்கிலிருந்து தள்ளிவிட்டது. 'நிம்பிள்' (சுறுசுறுப்பான) போன்ற சில சொற்களில் மட்டும் அந்தப் பழைய வேர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒற்றைச் சொல் பட்டியலுக்குப் பதிலாக, ஒரு வினைக்கு நாளொன்றுக்கு மூன்று முழு வாக்கியம் போடுங்கள். எதிரே அந்த வாக்கியத்துக்கு நாம் வீட்டில் பேசும் தமிழ். ஒரு வாரம் கழித்துத் தமிழை மட்டும் அச்சிட்டு ஆங்கிலத்தைக் கேளுங்கள். 'டேக்' முடிந்ததும் 'கெட்' எடுத்துக்கொள்ளலாம். அதற்கு 'வாங்கு' என்று மட்டும் போட்டுவிடவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர்கள்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.