கல் குவாரிகளை மூடும் பணியில் நிலத்து மக்களே முன்நிற்கட்டும்: திருநெல்வேலி மாவட்ட ஆட்சியருக்கும் புவியியல், சுரங்கத் துறை ஆணையருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

திருநெல்வேலி மாவட்டத்தில் குத்தகைக் காலம் முடியும் கல் குவாரிகளை மூடிச் சீரமைக்கும் பணியை, அந்தந்த நிலத்தை நம்பி வாழ்ந்துவரும் மக்களின் தலைமையில் நடத்த ஆணையிட வேண்டும் என்று கேட்டு இம்மடலை எழுதுகிறேன். அவர்களிடம் கருத்துக் கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. தோண்டிய பள்ளமும் அதைச் சுற்றிய நிலமும் இனி என்னவாக வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமையும், அந்த முடிவின்படி பணி நடந்திருக்கிறதா என்று பார்த்துச் சான்றளிக்கும் உரிமையும் அவர்களுக்கு வேண்டும்.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 2006இல் வந்த பிறகு, பெரிய குவாரிகளுக்கும் அடுத்தடுத்து அமைந்த குவாரித் தொகுப்புகளுக்கும் அனுமதி வழங்கும் முன் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தப்படுகிறது. அந்தக் கூட்டங்கள் எப்படி நடக்கின்றன என்பது வேறு பேச்சு. தொடங்கும்போது ஊரைக் கூட்ட வேண்டும் என்ற கட்டாயமாவது இருக்கிறது. மூடும்போது அப்படி எந்தக் கூட்டமும் இல்லை.

மூடல் திட்டம் என்று தாளில் வருவது பெரும்பாலும் மூன்றே வாக்கியங்கள்: பள்ளத்தைச் சுற்றிக் கம்பி வேலி போடப்படும், மழைநீர் தேங்க விடப்படும், ஓரத்தில் மரக்கன்றுகள் நடப்படும். எந்த மரம், அதற்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று அதில் இல்லை. தேங்கப்போகும் நீர் எந்தக் குளத்துக்குப் போக வேண்டிய நீர் என்பதும் இல்லை. எங்கள் பக்கத்தில் பொத்தை என்னும் சிறு பாறைக் குன்றின் சரிவில் விழும் மழைதான் ஓடையாகத் திரண்டு மானாவாரிக் குளத்துக்கு வருகிறது. அந்தச் சரிவையே வெட்டி எடுத்த பிறகு, பள்ளத்தில் தேங்கும் நீரை நீர்சேமிப்பு என்று கணக்குக் காட்டினால், கீழே இருக்கும் குளம் மறுகால் பாய்வது எப்படி? எந்த ஓடை எந்த மழைக்கு ஓடியது, அதன் வழி எங்கே அடைபட்டது என்பதை அளவை வரைபடத்தைவிட அங்கே காலங்காலமாக ஆடு மேய்ப்பவர்களும் மடை திறப்பவர்களும் நன்றாகச் சொல்வார்கள்.

உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 8 அன்று, சுரங்கப் பணி முடிந்ததும் குத்தகைதாரர் அந்த நிலத்தில் மீண்டும் புல் வளர்த்து, தீவனமும் தாவரங்களும் விலங்குகளும் தழைக்கத் தக்க நிலைக்கு அதைக் கொண்டுவர வேண்டும் என்பதை நிபந்தனையாக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. முளைத்திருப்பது தீவனம்தானா என்பதை அலுவலகத்தில் இருந்துகொண்டு சான்றளிக்க முடியாது. கன்னி இன ஆடுகளையும் செம்மறிகளையும் அந்தப் புறம்போக்கில் மேய்த்தவர் சொல்ல வேண்டும், இங்கே ஆடு வாய் வைக்கிறது என்று. சீமைக்கருவேலம் மண்டியிருப்பதைப் பசுமை என்று எழுதிக் கையெழுத்திடுவது அந்த உத்தரவை நிறைவேற்றுவதாகாது. ஆவாரையும் விராலியும் இலந்தையும் குடைவேலும் எந்த மண்ணில் தானாக வரும், பனங்கொட்டையை எங்கே ஊன்றினால் நிலைக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். தோண்டத் தொடங்கும் அன்றே மேல்மண்ணைத் தனியாகக் குவித்துக் காப்பாற்றினால்தான் இவையெல்லாம் பின்னால் வேர்பிடிக்கும்; ஆகவே அவர்களைக் கடைசி ஆண்டில் அழைப்பதும் போதாது.

2022 மே 14 இரவு அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கிக்கொண்டதும், அவர்களில் நால்வர் உயிரிழந்ததும் இந்த மாவட்டம் மறக்க முடியாத துயரம். வெடி வைத்து விரிசல் விட்ட பாறைச் சுவர், குவாரி மூடிய பிறகும் சரியக்கூடும். எந்தச் சுவர் இளகியிருக்கிறது என்பதை அங்கே கல் உடைத்த தொழிலாளர்கள் அறிவார்கள். மூடல் பணியை முடிவு செய்யும் மக்கள் குழுவில் அவர்களும் இருக்க வேண்டும்.

இது நடக்காத காரியமன்று. ஆஸ்திரேலியாவின் ரேஞ்சர் யுரேனியச் சுரங்கம், மிரார் பழங்குடியினரின் நிலத்தில், காக்கடு தேசியப் பூங்காவால் சூழப்பட்ட இடத்தில் இருக்கிறது. அங்கே தாது பிரிக்கும் பணி 2021 ஜனவரியில் நின்றது. அந்த நிலத்தைப் பூங்காவோடு சேர்க்கத் தகுந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது நிபந்தனை. மூடல் எப்போது நிறைவு பெற்றதாகக் கொள்வது என்பதற்கான அளவுகோல்களில் மிரார் மக்களின் பண்பாடு சார்ந்தவையும் சேர்ந்திருக்கின்றன. கனடாவின் எல்லோநைஃப் நகரருகே உள்ள ஜெயன்ட் தங்கச் சுரங்கம் இதற்கு நேர்மாறான பாடம். 1948 முதல் 2004 வரை இயங்கிய அச்சுரங்கம், 2,37,000 டன் ஆர்செனிக் டிரையாக்சைடு நச்சுத் தூளை நிலத்தடி அறைகளில் விட்டுச் சென்றது. அந்நிலத்தின் டெனே பழங்குடி மக்களுக்கு மேற்பார்வையில் முறையான இடம் கிடைத்தது 2015ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில்தான். அவ்வளவு காலம் காத்திருக்க வைத்தது பெரும் அநீதி.

நம் கல் குவாரி யுரேனியச் சுரங்கமன்று என்பதையும், இங்குள்ள எல்லா ஊராரும் பழங்குடியினர் அல்லர் என்பதையும் அறிவேன். ஆனால் இந்த மாவட்டத்திலும் பழங்குடியினர் இருக்கிறார்கள். பாபநாசம் மலையில் வாழும் காணி மக்களுக்கு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் உண்டு. பழங்குடிப் பகுதிகளின் கிராம சபைகளுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டுச் சட்டம் மட்டும் அவர்களுக்குப் பயன்படாது, ஏனெனில் அது அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பழங்குடிப் பகுதிகளுக்கு உரியது; தமிழ்நாட்டில் அப்படி எதுவும் அறிவிக்கப்படவில்லை. ஒடிசாவின் நியம்கிரியில் 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 12 கிராம சபைகள் கூடி, பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்று சொன்னதும், அந்தச் சொல் நின்றதும் நாடறிந்தது. தொடங்குவதா என்று தீர்மானிக்கக் கிராம சபையால் முடியுமென்றால், எப்படி முடிப்பது என்று தீர்மானிக்கவும் முடியும். மலையடிவாரத்தில் நாட்டு மரங்களை மீண்டும் வளர்க்கும் இடங்களில், விதை தெரிவு செய்யும் பொறுப்பைக் காணி மக்களிடம் உரிய ஊதியத்தோடு ஒப்படைக்க வேண்டும். அவர்களது அறிவை இலவசமாக வாங்கிக்கொள்வது முறையன்று.

இதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மூடப்போகும் ஒவ்வொரு குவாரிக்கும் ஆடு மேய்ப்போர், பனையேறிகள், குளத்துப் பாசன விவசாயிகள், குவாரித் தொழிலாளர்கள் அடங்கிய குழுவைக் கிராம சபை தேர்ந்தெடுக்கட்டும். பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும். மூடல் திட்டத்தை எளிய தமிழில் அச்சிட்டு அவர்களிடம் கொடுங்கள். குழு எழுத்தில் ஒப்புதல் தராமல் குத்தகைதாரரின் வைப்புத்தொகையைத் திருப்பித் தராதீர்கள். கன்று வளர்ப்பு, ஓடை சீரமைப்பு, காவல் ஆகிய வேலைகள் அந்த ஊராருக்கே கிடைக்கட்டும். குத்தகைதாரர்கள் செலுத்தும் தொகையில் சேரும் மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியிலிருந்து அதற்கு ஒதுக்க வழியிருக்கிறது.

முதற்படியாக, குத்தகை முடிந்த குவாரிகளின் பட்டியலையும் அவற்றின் மூடல் திட்டங்களையும் வரும் கிராம சபைக் கூட்டங்களில் அந்தந்த ஊர் மக்கள் முன் வைக்க ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இராதாபுரம் வட்டாரத்துக் குளத்துப் பாசன விவசாயி ஒருவர்